உளவுத்துறையில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் எவ்வளவு சொல்லலாம்?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் பெண் கேட்டிருப்பது இது. மத்திய உளவுத்துறையான ஐ.பி.யில் இரண்டாம் நிலை உதவி உளவு அதிகாரி வேலைக்குத் தேர்வாகிவிட்டார். போலீஸ் விசாரணையும் முடிந்துவிட்டது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். அப்பத்தா, சித்தப்பா குடும்பம் என்று எல்லோரும் ஒரே வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி வாழ்கிற வீடு. மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன வேலை என்று சொல்வது, கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடம் எவ்வளவு மறைப்பது, பிள்ளைகள் பிறந்தால் எப்படிச் சமாளிப்பது என்று மூன்று கேள்விகள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் இருப்பது ஒரே பயம்தான்: இந்த வேலையில் சேர்ந்தால் சொந்த வீட்டுக்குள் ஆயுள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்குமோ?

வேண்டியதில்லை. சொல்லாமல் இருக்க வேண்டியது நிறைய உண்டு; பொய் சொல்ல வேண்டியது மிகக் குறைவு. இப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் சொல்லிவிடுகிறேன். மாநிலக் காவல்துறையில் சேர்ந்து, பணிக்காலத்தில் பாதிக்கு மேல் உள்ளூர்த் தகவல் திரட்டும் மாவட்டத் தனிப்பிரிவிலும் பிறகு சென்னையில் நுண்ணறிவுப் பிரிவிலும் கழித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது காரைக்குடியில் குடியிருக்கிறேன். ஐ.பி.யில் நான் இருந்ததில்லை. அயல்பணியாக அங்கே போய் வந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன். வெளிநாட்டில் வேற்றுப் பெயரில் இருப்பவர்களின் குடும்ப வாழ்க்கை பற்றி நான் பேசப்போவதில்லை. சட்டம், விதி என்று நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். குடும்பம் பற்றிச் சொல்வது நானும் என்னோடு இருந்தவர்களும் பட்டறிந்தது. உங்கள் வீட்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். நீங்கள் ஐ.பி.யில் சேரப்போவது உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கக்கூடிய செய்தியே இல்லை. அது 1887-இல் தொடங்கி இன்று உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அரசு அலுவலகம். ஆள் எடுப்பதற்கு விளம்பரம் கொடுக்கிறார்கள். 2025-இல் உங்கள் பதவிக்கு 3,717 இடங்கள் என்று அறிவித்தார்கள். சம்பளம் ஏழாம் நிலை, அடிப்படை 44,900 ரூபாயில் தொடக்கம், அதற்கு மேல் 20 சதவீதம் சிறப்புப் பாதுகாப்புப் படி என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கிறது. விசாரணைக்கு வந்தவர் உங்கள் தெருவில் நாலு வீட்டிலாவது கேட்டிருப்பார். அன்று மாலையே ஊருணிக் கரை வரைக்கும் செய்தி போயிருக்கும். இதற்குப் பிறகு ‘வங்கியில் வேலை’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் ஊர் சிரிக்கும், அல்லது அதைவிட மோசமாக, கூர்ந்து பார்க்கத் தொடங்கும்.

சட்டம் காப்பது நீங்கள் பார்க்கும் வேலையின் உள்ளே இருப்பதை. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம், அதிகாரம் இல்லாதவரிடம் ரகசியத் தகவலைத் தருவதைக் குற்றமாக்குகிறது. உளவு அமைப்புகளில் இருப்பவர்களுக்கென்றே 1985-இல் வந்த உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், சங்கம் சேர்வதையும் பத்திரிகைகளோடு தொடர்பு வைத்துக்கொள்வதையும் தடுக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தவிர்த்து மற்றவற்றில் ஐ.பி.க்கு விலக்கு தருகிறது. ஓய்வு பெற்றாலும் விடுவதில்லை. 2021 மே மாதம் ஓய்வூதிய விதியில் செய்த திருத்தத்தின்படி, அமைப்பின் பணி சார்ந்த எதையும் முன் அனுமதி இல்லாமல் எழுதி வெளியிட்டால் ஓய்வூதியத்திலேயே கை வைக்கலாம். ஆக, ‘என் மனைவி உள்துறையில் இருக்கிறாள்’ என்று உங்கள் கணவருக்குத் தெரிவதால் எந்தச் சட்டமும் முறியாது. பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5கூட, விண்ணப்பிப்பதை வாழ்க்கைத் துணையிடமோ நெருங்கிய குடும்பத்தாரிடமோ மட்டும் சொல்லலாம் என்று விண்ணப்பதாரர்களுக்கு வெளிப்படையாகவே சொல்லி வைத்திருக்கிறது.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதை நீதிமன்றத்தில் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டத்தில் இருக்கிறதே, அப்படியானால் கணவரிடம் எதையும் சொல்லலாமே என்று ஒருவர் என்னிடமே வாதாடியிருக்கிறார். அந்தப் பாதுகாப்பு நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைப் பற்றியது. அது உங்கள் கணவரை ரகசியக் கோப்பைப் பார்க்கும் அதிகாரம் பெற்றவராக ஆக்கிவிடாது. இன்னொன்றும் உண்டு. அலுவல் ரகசியச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, சொன்னவரோடு நிற்பதில்லை. சட்டத்தை மீறித் தரப்படும் தகவல் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டவரும் குற்றவாளிதான். மூன்று ஆண்டு வரை சிறை. இதைக் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்கள் வாய் மூடியிருப்பது அவர் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல, அவரை வம்பில் இழுத்துவிடக்கூடாது என்பதால் என்று விளங்கிக்கொள்ள நல்ல மனிதருக்குப் பத்து நிமிடம் போதும். விளங்கிக்கொள்ள மறுக்கிறவரைப் பற்றி அப்போதே தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

சொந்தக்காரர்கள் வேறு வகை. செட்டிநாட்டில் ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பது மரியாதைக்குறைவு இல்லை; கேட்காமல் இருப்பதுதான் அக்கறையின்மை. எந்த ஆபீஸ், எந்தப் பிரிவு, யார் மேலதிகாரி, கைக்கு எவ்வளவு வருகிறது என்று நான்கு கேள்வியாவது வரும். இதற்கு முகத்தை மூடிக்கொண்டு ‘அதெல்லாம் சொல்லக்கூடாது’ என்று சொல்வதுதான் இருப்பதிலேயே கெட்ட பதில். பெட்டியைப் பூட்டிக் காட்டுவது போல் ஆகிவிடும். நான் கற்றுக்கொண்ட வழி, உண்மையிலேயே சலிப்பூட்டுகிற ஒன்றைச் சொல்வது. கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர், என் கணவருக்கு வேண்டியவர், தொண்டிக் கடற்கரையில் பிடிபட்ட ஆட்களைப் பற்றி ஊர் கேட்கக் கேட்டார். எனக்கு நான்கு மாதமாகப் பயணப்படி வரவில்லை, பில்லைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நான் ஆரம்பித்தேன். அது உண்மை. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் நிலுவைத் தொகைக் கதையை எடுத்தார். இலையில் கவுனி அரிசி வந்து விழுந்தபோது பேச்சு கருவூலத்தைத் திட்டுவதில் இருந்தது. உளவு வேலையில் பெரும்பகுதி படிப்பதும் குறிப்பெடுப்பதும் அறிக்கை எழுதுவதும்தான். ‘நாள் முழுக்கப் பேப்பர் படித்துக் குறிப்பெழுதுகிறேன், கண் வலிக்கிறது’ என்றால் அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. இரண்டாவது கேள்வி கேட்க யாருக்கும் ஆசை வராது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டியவை வேலையின் ரகசியங்கள் அல்ல, வேலையின் தொந்தரவுகள். இந்தியாவில் எங்கும் மாற்றுவார்கள். நேரம் காலம் கிடையாது. சொந்தச் செலவில் வெளிநாடு போவதற்கும் முன் அனுமதி வேண்டும். இந்திய குடியுரிமை இல்லாதவரை மணந்தால் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 21-ஆம் விதி சொல்கிறது. நம் பக்கத்தில் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ அண்ணன் தம்பி இல்லாத வீடு அபூர்வம். வரன்களிலும் பாதி அங்கிருந்துதான் வரும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, பிறகு அந்நாட்டுக் குடியுரிமை வாங்கும் எண்ணத்தில் இருந்தால், அதை நிச்சயத்துக்கு முன்பே உடைத்துப் பேசிவிடுங்கள். சீர் வகையிலும் ஒன்று உண்டு. அதே விதிகளில் 13-ஏ, அரசு ஊழியர் வரதட்சணை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்கிறது. மணப்பெண்ணான நீங்கள்தான் இங்கே அரசு ஊழியர். வெள்ளி, வைரம், பித்தளை, எவர்சில்வர் என்று சாமான் பரப்பிப் பட்டியல் படிக்கிற வழக்கத்தை ஒரே நாளில் உங்களால் நிறுத்த முடியாதுதான். ஆனால் பெண்ணுக்குப் பெற்றோர் ஆசையாகக் கொடுப்பது எங்கே முடிகிறது, எதிர்த்தரப்பு கேட்டு வாங்குவது எங்கே தொடங்குகிறது என்பதில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் பெயருக்கு நிலமோ வீடோ எழுதினால் 18-ஆம் விதிப்படி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அலுவலகம் முதலில் துருவுவது உங்கள் சொத்தைத்தான்.

இதைப் படிக்கும் மற்றப் பெண்களுக்கு ஓர் இடைச்செருகல். வரன் என்று வந்த ஒருவர் தாம் ரகசிய அதிகாரி, எந்த அடையாளமும் காட்ட முடியாது, அலுவலகம் எங்கே என்றும் சொல்ல முடியாது என்றால், எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கும், பலரிடம் மத்திய அரசு மருத்துவத் திட்ட அட்டையும் இருக்கும், குடியிருப்புக்குக் காத்திருக்கும் புலம்பலும் இருக்கும். மர்மம் காட்டிப் பணம் பறிப்பது மோசடிக்காரர்களின் பழைய வித்தை.

இனி வீட்டுக்குள். என்னோடு தனிப்பிரிவில் இருந்த ஒருவர், நல்ல மனிதர், வெளியூர் போகும்போதெல்லாம் மனைவியிடம் ஏதாவது ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அந்த முறை திருச்சி என்றார். துவைக்க எடுத்த சட்டைப் பையில் தொண்டி மருந்துக்கடை ரசீது ஒன்று இருந்தது: தலைவலி மாத்திரை ஒரு பட்டை, வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் இரண்டு பொட்டலம். அந்த அம்மாள் ரசீதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தொண்டியில் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. தொண்டியில் யார் இருக்கிறாள் என்று கேட்டார். ரகசியம் அந்த ரசீதால் கொஞ்சமும் வெளியே வரவில்லை, பாருங்கள். குடும்பம்தான் சந்திக்கு வர இருந்தது. அவர் ஊர் பெயரே சொல்லாமல் ‘வெளியூர் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை வருவேன், எங்கே என்று கேட்காதே’ என்றிருந்தால் ரசீது வெறும் காகிதம். பிற்பாடு அவர் அப்படியே செய்தார்.

இதிலிருந்து நான் மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கிய நடைமுறை எளிமையானது. இடத்தைச் சொல்ல வேண்டாம், ஆனால் திரும்பும் நாளைத் தோராயமாகவாவது சொல்லுங்கள். தள்ளிப்போனால் ‘வர இரண்டு நாளாகும்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். எந்த நேரத்தில் அடித்தாலும் ஒரு மனிதர் எடுக்கக்கூடிய அலுவலக எண் ஒன்று கணவரிடமும் மாமியாரிடமும் இருக்கட்டும். எந்த எண்ணைத் தரலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டுத் தாருங்கள். அப்பத்தா கீழே விழுந்துவிட்டால் உங்களுக்குச் செய்தி வந்து சேரும் என்பது வீட்டுக்குத் தெரிந்திருந்தால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்வியின் காரம் பாதி குறைந்துவிடும்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் ஆண்கள் மனைவி மக்களை இங்கே விட்டுவிட்டு மூன்றாண்டுக் கெடுவில் கடல் தாண்டினார்கள். பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்பும்வரை இந்தப் பெரிய வீடுகளை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். கடைக் கணக்கு அடுப்படிக்கு வந்ததில்லை. ஆனால் எத்தனை ஆண்டு, என்ன சம்பளம், எப்போது திரும்புவது என்பது சம்பளச் சீட்டில் எழுதி இருந்தது. அந்தப் பெண்கள் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களை யார் கேட்டார்கள்? கெடு தெரிந்த பிரிவைத் தாங்க முடிந்தது என்பது வரைக்கும்தான் என் வாதம். உங்கள் கணவருக்கும் அந்த அளவு தெளிவு கிடைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என் பார்வையில் இதுதான் முக்கியம். மறைப்பதால் குடும்பம் கெட்டதை நான் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். துருவுவதால் கெட்டதை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் உங்களுக்கு ஆளைப் படிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். ஒரே கேள்வியை அரை மணி நேரம் விட்டு வேறு வார்த்தையில் கேட்பது, இரண்டு பதிலையும் ஒப்பிடுவது, சொல்லாமல் விட்டதைக் குறித்து வைப்பது. சில ஆண்டுகளில் அது கைப்பழக்கம் ஆகிவிடும், மாலை ஆறு மணிக்கு மேஜையில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. ஒரு சக அதிகாரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் மகன் தாமதமாக வந்தான். பஸ் கிடைக்கவில்லை என்றான். அப்பா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே எந்த பஸ், யாரோடு நின்றாய், மழை இருந்ததா என்று சும்மா விசாரிப்பது போலக் கேட்டார். பையன் பதில் சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தி, அப்பா, எழுதித் தரவா என்றான். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். பையன் சொன்னது பொய்யாகவே இருக்கலாம். அந்த வயதில் கொஞ்சம் பொய் சொல்ல இடம் இல்லாத வீட்டில் பிள்ளைகள் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள்.

இதன் அடுத்த படி இன்னும் மோசம். கணவரின் கைபேசியை நோண்டுவது, தெரிந்தவர் மூலம் அவருடைய அழைப்புப் பட்டியலை எடுத்துப் பார்ப்பது, வருங்கால மருமகனைப் பற்றி அலுவலக வழியில் விசாரிப்பது. சட்டப்படி உரிய உத்தரவு இல்லாமல் இதைச் செய்வது குற்றம். வேலையும் போகும், வழக்கும் வரும். அகப்படாமல் செய்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கிடைத்தது, யாரிடமும் காட்ட முடியாத ஒரு தகவலோடு அதே வீட்டில் வாழும் தண்டனை. நீங்கள் உங்கள் வேலையைச் சொல்ல மாட்டீர்கள் என்பதைக் கணவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றால், அவருடைய நாளையும் நீங்கள் கொஞ்சம் தெரியாமல் விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். சின்ன வயதில் ‘அம்மா மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்’ என்பது போதும். பள்ளி விண்ணப்பத்திலும் அதுதான் எழுதப்போகிறீர்கள். விவரம் தெரிகிற வயதில் துறையின் பெயரைச் சொல்லி, வெளியே பெருமை அடிக்க வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். எந்த வயது என்பதில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை, பிள்ளையைப் பொறுத்தது. வயதைவிடக் கைபேசிதான் இன்று பெரிய தலைவலி. ‘அம்மா மூன்று நாளாக ஊரில் இல்லை, ஜாலி’ என்று மகள் போடும் ஒரு வரியும், பங்காளி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பெயர், பதவி, ஊரோடு சுற்றும் கல்யாணப் புகைப்படமும், நீங்கள் பொத்திப் பொத்திக் காத்ததைவிட அதிகம் சொல்லிவிடும். படம் எடுக்காதே என்று கல்யாண வீட்டில் சண்டை போட முடியாது. படத்தின் கீழே பதவி எழுத வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம், கேட்பார்.

மனத்தில் தேங்குவதை எங்கே இறக்கி வைப்பது என்றால், காரணத்தைச் சொல்லாமல் நிலைமையை மட்டும் சொல்லலாம். ‘இன்று ஆபீசில் மோசமான நாள், என்னவென்று கேட்காதீர்கள், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன்’ என்பதில் எந்தச் சட்டமும் குறுக்கே வராது. விவரத்தோடு பேச வேண்டியதை உங்களோடு அதே வேலையில் இருப்பவர்களோடும் மேலதிகாரியோடும் அலுவலகத்துக்குள்ளேயே பேசிவிட்டு வாருங்கள்.

இந்த வேலையில் மணமுறிவு அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. நம் நாட்டில் அதற்கு நம்பத்தக்க கணக்கு வெளியானதை நான் பார்த்ததில்லை, ஆகவே அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தைரியம் சொல்லவும் வேண்டாம். நான் பார்த்த வீடுகளில் ரகசியத்தைவிட மாற்றல் உத்தரவுதான் அதிகம் அழ வைத்தது. கணவனும் மனைவியும் அரசு ஊழியர்களாக இருந்தால் முடிந்தவரை ஒரே ஊரில் போட வேண்டும் என்று மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டு அறிவுறுத்தல் இருக்கிறது. ‘முடிந்தவரை’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். பேறுகால விடுப்பு 180 நாள். முதல் இரண்டு பிள்ளைகளுக்காக, அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை, பணிக்காலம் முழுவதும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். அதையும் உரிமையாகக் கோர முடியாது, அனுமதித்தால்தான். மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் முன்னுரிமை இருப்பதால் படிப்பு ஓரளவு தப்பிக்கும். ஆனால் காரைக்குடியில் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை என்றால் அவர் கடையைப் பூட்டிவிட்டு இம்பாலுக்கு வரப்போவதில்லை. நீங்கள் அங்கே இருக்கும்போது பிள்ளை யாரிடம் வளரும், வயதான மாமியாரை யார் பார்ப்பார்கள், விடுமுறைக்கு யார் யாரிடம் வருவது என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். ஜாதகத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.